கறுப்புத் துணிக்குள் ஆரஞ்சுப் புள்ளிகள்

நேற்றுப் பொழுதுசாய, அன்னூர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ரோடு போடுகிறவர்களின் ஆரஞ்சுச் சட்டைகள் ஹெட்லைட் பட்டுத் தணலாட்டம் மின்னின. என்னையறியாமல் எண்ண ஆரம்பித்துவிட்டேன். பழைய பழக்கம், என்ன செய்ய?

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் ஒரு பால் கம்பெனி லேபில் எனக்கு வேலை. நான் எட்டாவதோடு நின்றவள். எதைத் தொட்டாலும் உடையும் என்றுதான் நடப்பேன். பாலை வடிகட்டி, அந்த வடிதாளில் சாயம் விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்து நீல வெளிச்சம் பாய்ச்சினால், பாலிலிருக்கும் கிருமியெல்லாம் ஆரஞ்சுப் புள்ளியாக ஒளிரும். அதை எண்ண வேண்டும். அறை இருட்டாக இருக்க ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. சூடேறிய விளக்கில் தூசி கருகும் வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

ஒருத்தி பார்த்துச் சொல்ல, இன்னொருத்தி எண்ணுகிற கருவியை அமுக்க வேண்டும். பார்ப்பவள் மரகதம், தோட்டங்காடு உள்ள வீட்டுப் பெண். அமுக்குபவள் நான். எங்கள் வீட்டார் அப்படிப்பட்ட தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனவர்கள்.

"ஒண்ணு... ஒண்ணு... இது கொழுப்பு, உட்டுரு கண்ணு."

"அய்யோ, அமுக்கிப்போட்டேனுங்க!"

"கொழுப்புக்கும் உசுரு குடுத்துப்போட்டியா? செரி, மறுக்கா மொதல்ல இருந்து."

சிரித்தால் மேசை ஆடும், எண்ணிய இடம் தப்பும். லேப் மேடம் எங்களைப் பிரித்துவிடுவாரோ என்று எனக்கு எந்நேரமும் பயம். வாடகை அறையில் தனியாகக் கிடந்தவளுக்குப் பேச்சுத்துணை அந்த ஒரு குரல்தான். மரகதம் தன் வீட்டில் சுட்ட ஒப்பிட்டை, அந்த இனிப்புப் போளியை, இருட்டில் துழாவி என் உள்ளங்கையில் வைப்பாள். சாயம் பட்ட கையால் தின்றால் என்னாகுமோ என்று பயந்துகொண்டே தின்பேன்.

அப்புறம் தானாக எண்ணும் மிஷின் வந்தது. கறுப்புத் துணியைக் கழற்றினார்கள். எங்களை ஆளுக்கொரு பக்கம் மாற்றினார்கள். இனி அவளைக் கேன்டீனில்தான் பார்க்க முடியும். அன்று மத்தியானமே தட்டை எடுத்துக்கொண்டு அவள் மேசைக்குப் போனேன். அதற்கு முன் போனதில்லை. கூட அவள் சொந்தக்காரப் பெண்கள் இருந்தார்கள். எதிரில் ஒரு நாற்காலி காலி.

மரகதம் நிமிர்ந்தாள். வெளிச்சத்தில் அந்த முகம் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

"ஏனுங்க, அங்க ஆளு வருதுங்க," என்றாள். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள்.

சுவரோரமாகப் போய் உட்கார்ந்து தின்றேன். கை கழுவப் போகும்வரை அந்த நாற்காலிக்கு யாரும் வரவில்லை.

கம்பெனியை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். வாசலிலிருந்து மொட்டைமாடி வரை சீரியல் லைட்டு. அப்படியொரு இருட்டு இனி அங்கே கிடைக்காது.