பக்கக் கதவால் வெளியே

எனக்கு நடக்கப் பயம் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. கால் நோகிறது என்றுதான் சொல்வேன். நோவு என்றால் ஆட்கள் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். பயம் என்றால் உடனே புத்தி சொல்ல வந்துவிடுவார்கள்.

போன மார்கழியில், சுவிஸில் நாங்கள் இருக்கும் ஆராவில், விடியற்காலை வேலைக்குப் போகும்போது பஸ் தரிப்பிடத்தில் ஐஸ் வழுக்கி விழுந்தேன். இடது கணுக்கால் முறிந்தது. தகடு வைத்து ஆணி அடித்தார்கள். கோடை வருவதற்குள் எலும்பு ஒட்டிவிட்டது, இனி ஓடவும் செய்யலாம் என்று டொக்டர் படத்தைக் காட்டிச் சொன்னார். பிசியோ செய்யும் பிள்ளையும் அதையே சொன்னாள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போகலாம். கால் என்னுடையது. கணுக்காலை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து செய்வித்தேன். பார்க்கச் சகிக்காது. வீட்டுக்குள் போட இன்னொரு சோடி வாங்கினேன். பிறந்ததிலிருந்து வீட்டுக்குள் செருப்போடு நடந்தறியாத நான் சாமிப் படத்துக்கு முன்னால் சப்பாத்தோடு நின்று கும்பிட்டேன். கோயிலுக்குப் போவதை விட்டேவிட்டேன். அங்கே வாசலில் கழற்ற வேண்டுமே.

என் கணவரை ‘இவர்’ என்று சொல்லித்தான் பழக்கம். இவர் எம்மன்புரூக்கேயில் இரும்புத் தொழிற்சாலையில் வேலை. வாய் திறந்தால் ஊர் முழுக்கக் கேட்கும் ஆள். நான் விழுந்த நாளிலிருந்து இவருக்கு ஒரே சொல்தான்: கவனம். கட்டிலால் இறங்கினால் கவனம், குளித்துவிட்டு வந்தால் கவனம். வெளியே போனால் என் முழங்கையைப் பிடித்தபடியே வருவார். முதலில் ஆறுதலாக இருந்தது. பிறகு பொலிஸ்காரர் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. எழும்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கிழவர்களையும் எழுப்பி நடத்திக் காட்டுவேன் என்று எனக்கொரு பெயர் இருந்தது. கோடை முழுவதும் அங்கேயே லிங்கரியில், அதாவது துணி மடிக்கும் அறையில், கதிரையில் இருந்து துவாய் மடித்துக்கொண்டிருந்தேன். லீவுக்குப் போகுமுன் எங்கள் ஷெஃபின், அதாவது பொறுப்பாளர், என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுசி, சுற்றி வளைத்துக் கதைக்கத் தெரியாது. திரும்பவும் மாடிக்கு, ஆட்களைப் பார்க்க வருகிறீர்களா, அல்லது லிங்கரியிலேயே நிரந்தரமாக இருக்கிறீர்களா, லீவு முடிவதற்குள் சொல்லுங்கள், அதற்குப் பிறகு உங்கள் மாடி இடத்துக்கு வேறு ஆளை எடுக்க வேண்டும் என்றார். யோசிக்கிறேன் என்றேன். உண்மையில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. தூக்கிக்கொண்டு நிற்கும்போது இந்தக் கால் மடிந்தால் நான் மட்டுமா விழுவேன்? லிங்கரி என்று மனதுக்குள் முடிவெடுத்து, அந்த முடிவை நினைத்து நினைத்து எல்லோரிலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். இவரிடம் சொன்னபோது, “அதுதான் நல்லது, பேசாமல் இருந்து துணியை மடியும்” என்றார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

லீவுக்கு எங்களை ஒரு கிரேக்கத் தீவுக்கு அனுப்பியது மகள். கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கோ அம்மா, நடக்கவே தேவையில்லை என்றாள். சும்மா இருக்க எனக்கு ஏலும். இவருக்கு ஏலாது. இரண்டாம் நாளே ஹோட்டல் வாசலில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டார். பழைய நகரத்தைச் சுற்றிச் சின்ன நடை, ஜெர்மன் மொழியில், வழிகாட்டியோடு.

“படி இருக்கோ எண்டு கேளுங்கோ. படி எண்டால் நான் வரேல்லை” என்றேன்.

வரவேற்பு மேசையில் ஒரு வயதானவர் இருந்தார். நானே போய் ஜெர்மனில் கேட்டேன், படிகள் இருக்கின்றனவா என்று. அவர் சந்தோஷமாகத் தலையை ஆட்டி, “நே, நே” என்றார்.

எங்கள் ஆராவில் ‘நேய்’ என்றால் இல்லை. இவருக்கு வாயெல்லாம் பல்.

“கேட்டீரோ? நேய் எண்டு ரெண்டு தரம் சொல்லிட்டார். வாரும்.”

கிரேக்க மொழியில் ‘நே’ என்றால் ஆம் என்று, துறைமுகத்துக்குப் பின்னால் முதலாவது படிக்கட்டைக் கண்டபோது எங்கள் வழிகாட்டிதான் சொன்னார். என் வயதுப் பெண். ஜெர்மனியில் ஏதோ உணவகத்தில் இளமை முழுக்க வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர். நான் கதையைச் சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பிப் போகிறேன் என்றேன். மெதுவாகவே போவோம், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கதை சொல்வது என் தொழில், அந்த நேரம் இளைப்பாறலாம் என்றார். இவர் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். போனோம்.

எங்களோடு வந்தவர்கள் ஐந்தாறு பேர்தான், எல்லோரும் சுவிஸ்காரர். அதில் பேர்ன் பக்கத்து மனிதர் ஒருவர் மலை ஏறப் போகிறவர் மாதிரித் தடித்த சப்பாத்தும் இரண்டு கைத்தடியுமாக வந்திருந்தார். ஆள் நல்ல பாரம். பள்ளிக்கூடத்தில் யவனர் கப்பலேறி மிளகு வாங்க வந்தார்கள் என்று படித்தோம். இப்போது நாங்கள் தொப்பி போட்டுக்கொண்டு, சுவிஸ்காரரோடு யவனர் வீட்டு வாசலை எட்டிப் பார்க்க வந்திருக்கிறோம் என்று இவரிடம் சொன்னேன். “கவனம், படி” என்றார்.

ஒழுங்கைகள் ஒரு ஆள் கை விரித்தால் இரண்டு சுவரும் படும் அளவுதான். கடற்கொள்ளைக்காரர் வந்தால் வழி தவறட்டும் என்று இப்படி வளைத்து வளைத்துக் கட்டினார்களாம். தரைக் கற்களைச் சுற்றி வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு. அதை ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் வாசலுக்கு நேரே தாங்களே பூசவேண்டும், பக்கத்து வீட்டுக்காரி பூசும்வரை பார்த்துக்கொண்டிருந்து பிறகுதான் மற்றவள் பூசுவாள் என்று வழிகாட்டி சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

பாதி வழியில் ஒரு சின்னத் தேவாலயம். வெள்ளைச் சுவர், நீலக் கதவு, உள்ளே இருட்டு. தோளை மூடுங்கள் என்று மட்டும் சொன்னார். கதவடியில் நின்றேன். உள்ளே மணல் நிரப்பிய தட்டில் மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. எண்ணெயும் சாம்பிராணியும் கலந்த மணம் வந்தது. அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. கை தானாகக் கீழே போய் சப்பாத்தின் ஒட்டுப்பட்டியை இழுத்திருக்கிறது. இரண்டையும் கழற்றி வாசலோரம் வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறேன். கூட வந்த எவரும் கழற்றவில்லை, இவரும் கழற்றவில்லை. இவர் வாசலில் என்னை உள்ளே விட்டுவிட்டு, மேலே தொங்கிய வெள்ளி விளக்கைப் படம் எடுக்கப் போய்விட்டார்.

நானும் ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைத்தேன். காலுக்காகக் கும்பிட வேண்டும் என்று நினைவு வரவில்லை. பிள்ளைகளுக்காகக் கும்பிட்டேன். அதற்குள் முன்வாசலால் பெரிய கூட்டமொன்று திமுதிமுவென்று உள்ளே வந்தது, கப்பலால் இறங்கிய ஆட்கள். எங்கள் வழிகாட்டி கையைக் காட்டி எங்களைப் பக்கக் கதவால் வெளியே அழைத்துப் போனார். நானும் போனேன்.

அந்தக் கதவு வேறொரு ஒழுங்கையில் திறந்தது. நிழல் விழுந்த படிக்கட்டு, மேலே போய் வளைந்தது. வழிகாட்டி, ஒரே வீட்டின் மேல்மாடியை அக்காவுக்கும் கீழ்மாடியைத் தங்கைக்கும் சீதனமாகக் கொடுத்து, இருவரும் இருபது வருடம் முகம் பார்க்காமல் இருந்த கதையைத் தொடங்கிவிட்டார். ஊர்ச் சண்டை மாதிரியே இருந்தது. படிக்கு யார் சொந்தம் என்பதுதான் பிரச்சினையாம். நான் ஒரு சொல்லும் தவறவிடக்கூடாது என்று அவருக்குப் பின்னாலேயே ஏறினேன். கல் குளிர்ந்திருந்தது. தேவாலயத்தின் குளிர் இன்னும் காலில் இருந்ததால் அது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை.

எனக்கு முன்னால் பேர்ன்காரர் ஏறிக்கொண்டிருந்தார். நூற்றுக்கணக்கான வருடம் ஆட்கள் நடந்து நடந்து அந்தப் படிகள் கண்ணாடி மாதிரி மினுங்கின. திடீரென்று அவரின் கைத்தடி ஒன்று சறுக்கியது. பிறகு சப்பாத்துச் சறுக்கியது. ஆள் அப்படியே பின்பக்கமாக என்மேல் சாய்ந்தார்.

விழுகிற ஆளைக் கையில் பிடிக்கக்கூடாது. தோள் மூட்டு கழன்றுவிடும். கிட்டப் போய், ஒரு கை அக்குளுக்குக் கீழே, மற்றக் கை இடுப்புப் பட்டியில், முழங்காலை மடித்து, ஒரு காலை ஊன்றி, பாரத்தை நம் உடம்புக்கு எடுக்க வேண்டும். எத்தனையோ வருடம் செய்த வேலை. யோசித்துச் செய்வதென்றால் நேரம் போதாது. பிடித்துவிட்டேன். அந்தப் பாரம் முழுவதும் என் இடது காலில் இறங்கியது. விரல்கள் கல்லைப் பற்றின. கால் மடியவில்லை. “ஒன்றுமில்லை, நான் பிடித்திருக்கிறேன், மெதுவாக இருங்கள்” என்று இல்லத்தில் சொல்கிற அதே தொனியில் ஜெர்மனில் சொல்லி, அவரைப் படியில் இருத்தினேன்.

எல்லோரும் ஓடி வந்தார்கள். மனிதர் வெளிறிப்போய் இருந்தார், அடி எதுவும் இல்லை. அவருடைய மனைவி நன்றி சொல்ல என் கையைப் பிடித்தவர், கீழே பார்த்து, “ஐயோ, உங்கள் சப்பாத்து எங்கே?” என்றார்.

நானும் பார்த்தேன். என் இரண்டு பாதங்கள், வெறுமையாக, சுண்ணாம்புத் தூள் ஒட்டி. கணுக்காலில் தழும்பு வெளியே தெரிந்தது. அதைக் கண்டபிறகுதான் என்ன செய்தேன் என்று விளங்கியது. பேர்ன்காரருக்குப் பக்கத்தில் நானும் இருந்துவிட்டேன்.

சில படி கீழே இவர் நின்றார். கையில் என் கறுப்புச் சப்பாத்துச் சோடி. மூச்சு வாங்கியது, முகம் முழுக்க வியர்வை. முன்வாசலால் வெளியே வந்து, சப்பாத்தைக் கண்டு, தேவாலயத்தைச் சுற்றி ஓடி வந்திருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “நான் வெறுங்காலோட ஏறுறதைக் கண்டனீங்கள் எல்லே? ஏன் கூப்பிடேல்லை?”

“கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்திடுவீர் எண்டு பயந்துபோனன்.”

“எங்கயிருந்து வாறியள்?”

“அடிப் படியிலயிருந்து.” அவர் திரும்பிக் கீழே காட்டினார். படிக்கட்டு வளைந்து, நாங்கள் வந்த கதவே தெரியவில்லை. “முழுக்க ஏறிட்டீர். நான் பின்னால வந்துகொண்டுதான் இருந்தனான். வாயைப் பொத்திக்கொண்டு.”

இவர் வாயைப் பொத்திக்கொண்டு வந்ததை என் கல்யாண வாழ்க்கையில் முதல்தடவை கேள்விப்படுகிறேன். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. வழிகாட்டி தன் போத்தலில் இருந்த தண்ணீரை எனக்குக் குடிக்கத் தந்தார். பேர்ன்காரர், கால் நோகிறதா என்று என்னைக் கேட்டார். நோகத்தான் செய்தது. பிசியோவில் நாள் முழுக்கப் பயிற்சி செய்தால் வருகிற நோவு, அவ்வளவுதான்.

சப்பாத்தைப் போடச் சொல்லி இவர் நீட்டினார். “வையுங்கோ, இந்தப் படிக்கு அது சறுக்கும்” என்றேன். உண்மையிலேயே சறுக்கும்.

மீதிப் படிகளைக் கதையில்லாமல் ஏறினோம். கதையில் வந்த தங்கச்சி படியை விட்டுக்கொடுத்தாளா என்று கேட்கவும் மறந்துபோனேன். மேலே ஒரு சின்ன வெளி, ஒரு பெரிய மரம், கீழே கடல். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் என் பக்கத்தில் வந்து நின்றார், கையைப் பிடிக்காமல்.

“லிங்கரிதான் நல்லது எண்டு நான் சொன்னது உம்மடை காலுக்காக இல்லை” என்றார். “அண்டைக்கு ஆஸ்பத்திரியிலயிருந்து ஃபோன் வந்ததிலயிருந்து, வேலை இடத்தில ஃபோன் அடிச்சாலே எனக்கு நெஞ்சு பதறுது. நீர் கதிரையில இருக்கிறீர் எண்டு தெரிஞ்சால் நான் நிம்மதியா வேலை செய்வன். அதுதான்.”

இத்தனை மாதமும் இந்த மனிதருக்கு நான் ஒரு பாரம் என்று நினைத்திருந்தேன். பயம் எனக்கு மட்டும்தான் என்றும் நினைத்திருந்தேன். “எனக்கும் பயம்தான்” என்றேன். முதல்தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். இவர் புத்தி எதுவும் சொல்லவில்லை.

ஃபோனை எடுத்து ஷெஃபினுக்கு அடித்தேன். ஹோட்டலுக்குப் போய்ச் சேர்வதற்குள் மனம் மாறிவிடும், எனக்கு என்னைத் தெரியும். காற்று இரைந்ததால் ஒலிபெருக்கியில் போட்டேன். நான் மாடிக்கே வருகிறேன், லிங்கரி வேண்டாம் என்றேன். “நிச்சயமாகவா?” என்று கேட்டார். “கால் தாங்குமா?”

நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் இவர் ஃபோன் பக்கம் குனிந்து, தொழிற்சாலையில் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தன் உடைந்த ஜெர்மனில், அந்த மலை உச்சியே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்:

“யா! ஸீ கான்!”

அவளால் முடியும் என்று. சொல்லிவிட்டு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, என் சப்பாத்தை நெஞ்சோடு அணைத்தபடி மூக்கை உறிஞ்சினார். யார் அது என்று ஷெஃபின் கேட்டார். என் கணவர் என்றேன்.