இரண்டு மருமகள்களும் ஒரு வானிலை மந்திரியும்

"அதைப் படிச்சு என்ன பிரயோஜனம்?" என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நான் பதில் சொல்வதில்லை. முன்பு சொல்வேன். ஆங்கிலம் வளரும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல உதவும், மனசு லேசாகும் என்று ஏதாவது காரணம் அடுக்குவேன். நாற்பதைத் தாண்டிய ஒருத்தி புத்தகம் படித்துச் சிரிப்பதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? அந்தக் கேள்வி வந்த அன்றோடு நிறுத்திவிட்டேன்.

புத்தகம் என்றால் ஒன்றல்ல. நான் கல்லூரியில் படித்தபோதே அந்த வரிசையில் பல பாகங்கள் வந்திருந்தன. இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. கதை நடப்பது ஒரு மலைநாட்டில். அங்கே மந்திரம், மாயம் எல்லாம் அரசாங்க இலாகா. சூனியக்காரி துடைப்பத்தில் ஏறிப் பறக்க வேண்டுமானால் முதலில் அனுமதி வாங்க வேண்டும். ஓய்வுபெற்ற டிராகன் ஒன்று தான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று நிரூபிக்க வருஷா வருஷம் பென்ஷன் ஆபீசுக்கு நடக்கும். நெருப்பைக் கக்கிக் காட்டினாலும் குமாஸ்தா, "இது போதாதுங்களே" என்பார். அப்புறம் வானிலை மந்திரி. தான் கையெழுத்துப் போடுவதால்தான் மழை பெய்கிறது என்று மனசார நம்புகிறவர். வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு கம்பீரமாக வெளியே போவார்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிப் புனேக்கு வந்தபோது, என் பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இந்தப் புத்தகங்கள் இருந்தன. புனேயின் தாபோடிப் பகுதியில் மாமனார் வாங்கிப் போட்ட வீடு. அவர் காலமாகிவிட்டார். மாமியார், என் கணவரின் அண்ணன், அவர் மனைவி, நாங்கள் இருவர். எல்லோருக்கும் ஒரே அடுக்களை.

கணவரின் அண்ணனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். கெட்டவர் அல்ல. ஆனால் அந்த வீட்டில் தண்ணீர் வருவதும், கேஸ் சிலிண்டர் வருவதும், கரண்ட் போகாமல் இருப்பதும் தன்னால்தான் என்று இருப்பவர். காலையில் எழுந்ததும் எல்லோருக்கும் அன்றைய வேலையைச் சொல்வார். நாங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையைத்தான் சொல்வார்.

அவர் மனைவியை அக்கா என்பேன். புனேயை அடுத்த தேஹு ரோட்டில் பிறந்து வளர்ந்தவர். அங்கேயே ராணுவ டிப்போ ஒன்றில் கிளார்க். தமிழ் பேசுவார், எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். நான் வந்த புதிதில் சொந்தக்காரர்கள் எங்கள் இருவரையும் தராசில் வைத்தார்கள். "சின்னவ ஊர்ப்பொண்ணு, பெரியவ ஹிந்திக்காரி மாதிரி" என்று என் காதுபடவே சொன்னார்கள். அவர் காதிலும் விழுந்திருக்கும். பல வருஷம் நாங்கள் ஒரே அடுப்பில் சமைத்தோம். "உப்பு போட்டாச்சா", "பால் பொங்குது" என்பதற்கு மேல் பேச்சு இல்லை.

ஒரு மழைக்கால மாலை. அக்கா ஆபீசிலிருந்து வந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் தாளித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் அத்தான் ஃபோனில் பிளம்பரை விரட்டிக்கொண்டிருந்தார். அக்கா தலை நிமிராமல், தனக்குத்தானே ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். மந்திரி கையெழுத்துப் போட்டுவிட்டார், இனி மழை வந்தே தீரும்.

கரண்டி என் கையிலிருந்து நழுவியது. பதினோராவது முறையோ பன்னிரண்டாவது முறையோ படித்த வரி அது. அதற்கு அந்த நாட்டுக் குமாஸ்தா சொல்லும் பதில் என் வாயில் தானாக வந்தது. முத்திரை குத்தவில்லையே, ஐயா.

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். கடுகு கருகிக்கொண்டிருந்தது.

"அரே! நீ படிப்பியா அது?"

"எல்லாப் பாகமும் வச்சிருக்கேன்க்கா."

"எங்கே?"

"பீரோல, புடவைக்கு அடியில."

"நான் ஆபீஸ் பேக்ல வச்சிருக்கேன். பிரவுன் அட்டை போட்டு." அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. "இத்தனை வருஷம் பக்கத்துல நின்னு வெங்காயம் உரிச்சிருக்கோம், பாகல் மாதிரி!" பாகல் என்றால் ஹிந்தியில் பைத்தியம்.

அன்றிலிருந்து அடுக்களை மாறிப்போனது. அவரிடம் இல்லாத பாகம் என்னிடம் இருந்தது, என்னிடம் இல்லாதது அவரிடம். புதுப் பாகம் வந்தால் ஒன்றுதான் வாங்குவோம். லோக்கல் ரயிலில் போய்வருவதால் அக்கா வேகமாக முடித்துவிடுவார். நான் முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அவர் திறக்க மாட்டார். ஆனால் நான் படிக்கும் பக்கத்தை எட்டிப் பார்த்து, "ஓஹோ, இன்னும் இங்கேயா இருக்கே?" என்று ஒரு பார்வை பார்ப்பார். அதுவே போதும். டிராகன் பென்ஷனை விட்டுக்கொடுத்தது சரியா என்று சப்பாத்தி மாவு காயும்வரை சண்டை போட்டோம். நான் சரி என்றேன். டிப்போவில் பென்ஷன் பேப்பர் பார்க்கிற அக்கா, "பைத்தியமா அது? ஹக்குல, உரிமையா வர்றதை யாராவது விடுவாங்களா?" என்று கோபமாகவே கேட்டார்.

மாமியாருக்கு எங்கள் சிரிப்பு பிடிக்கவில்லை. இரண்டு மருமகள்கள் அடுக்களையில் சேர்ந்து சிரித்தால் யாரைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பது மாமியார்களுக்குத் தெரியும்.

"என்னட்டி சிரிப்பு?" என்று வாசற்படியில் வந்து நிற்பார்.

"ஒண்ணுமில்ல அத்தை, புஸ்தகம்."

"புஸ்தகத்துல அப்படி என்ன இருக்கு? பாடப் புஸ்தகமா, சாமி புஸ்தகமா?" இரண்டும் இல்லை என்றால் அவரைப் பொறுத்தவரை அது புத்தகமே இல்லை.

பிறகு அக்கா ஃபோனில் ஒரு குழுவைக் கண்டுபிடித்தார். புனேயில் இந்தப் புத்தகங்களுக்குப் பித்துப் பிடித்தவர்கள் இருபது முப்பது பேர். கல்லூரிப் பிள்ளைகள், ஒரு பல் டாக்டர், பேங்கிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மராத்திக்காரர். எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். புதுப் பாகம் வரப்போகிறது, அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கடக்வாஸ்லா அணையில் கூடுவோம், கதையில் வருகிற சாப்பாடு ஏதாவது ஒன்று ஆளுக்கொன்று கொண்டு வர வேண்டும் என்று முடிவானது. மலைநாட்டு விருந்தில் இடியைப் பிடித்து ஆவியில் வேகவைத்துப் பரிமாறுகிற ஓர் இடம் உண்டு.

"இடிக்கு எங்கே போறது?" என்றார் அக்கா.

"இடியாப்பம் செய்வோம்க்கா."

அவருக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்கு முந்தின வியாழக்கிழமைதான் மாட்டிக்கொண்டோம். அக்கா அந்தக் குழுவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். 'எங்கள் வீட்டு வானிலை மந்திரி' என்று தொடங்கி, அத்தான் கேஸ்காரரை அதட்டுவதை அதே குரலில் நடித்துக் காட்டியிருந்தார். கூடத்தில் சார்ஜில் கிடந்த அக்காவின் ஃபோனை, மணி பார்க்க எடுத்த அத்தானின் விரல் எதிலோ பட்டது. அவர் குரல் அவர் மனைவியின் வாயிலிருந்து வீடு முழுக்கக் கேட்டது. முடிவில் யார் யாரோ சிரித்து அனுப்பிய பதில்களும் வரிசையாக ஓடின.

நாங்கள் அடுக்களையிலிருந்து வெளியே வந்தோம்.

"யாரு இந்த மந்திரி?" என்றார் அத்தான். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நான் ஏதாவது பொய் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "நீங்கதான்."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா."

மாமியார் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப என்னைப் பாத்துச் சிரிக்கலையா?"

"இல்ல அத்தை."

"நான் அதுல வரவே இல்லியா?" அவர் குரலில் நிம்மதி இருந்ததா, ஏமாற்றம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் நல்ல மனிதர், சண்டை என்றால் ஆகாது. என்னைப் பார்த்து, "ரெண்டு பேரும் ஒரு சாரி சொல்லிடுங்க, முடிஞ்சு போச்சு" என்றார்.

"அடுத்தவங்களுக்கு அனுப்பினதுக்கு வேணா அக்கா சொல்லட்டும். அது அவங்க ரெண்டு பேருக்குள்ள" என்றேன். "சிரிச்சதுக்கு எப்படி சாரி சொல்றது? சிரிப்பு வந்துச்சு, சிரிச்சோம்."

அந்த வீட்டில் அத்தான் எதிரில் நான் முழுசாகச் சொன்ன முதல் வாக்கியங்கள் அவை.  சொன்னதைத் திருப்பி வாங்க எனக்குத் தோன்றவே இல்லை.

அக்கா கணவரிடம், "வெளி ஆளுங்களுக்கு அனுப்பியிருக்கக் கூடாது. அது தப்பு. இனி அனுப்ப மாட்டேன்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஆனா படிப்பேன்" என்றார்.

"ஞாயித்துக்கிழமை யாரும் எங்கேயும் போகல. குழந்தைங்க புக்கைப் படிச்சிட்டு, இந்த வயசுல தமாஷா இருக்கு? அந்த புக் எல்லாம் ரத்திக்காரனுக்குப் போகும்." பழைய பேப்பர்க்காரனுக்குப் போடுவேன் என்கிறார். எழுந்து உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அக்கா இடியாப்ப மாவு பிசைந்துகொண்டிருந்தார். நான் அச்சில் போட்டுப் பிழிந்தேன்.  வீட்டிலிருப்பவர்களுக்கு வேண்டியதைத் தேங்காய்ப்பாலோடு மேஜையில் மூடி வைத்தோம். மீதியைத் தூக்கில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். அத்தான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். மாமியார் மட்டும், "மழை வரும், குடை எடுத்துட்டுப் போங்கட்டி" என்றார். படியிறங்கும்வரை சிரிப்பை அடக்கி வைத்திருந்தோம். தெருமுனையில் அக்கா என் தோளில் சாய்ந்து குலுங்கினார்.

பஸ் மாறி மாறிக் கடக்வாஸ்லா போய்ச் சேர்ந்தோம். அணை ஓரத்தில் சோளம் சுடுகிறவர்களும் பஜ்ஜி வண்டிகளும் குடும்பங்களுமாக ஒரே கூட்டம். எங்கள் ஆட்களைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. பல் டாக்டர் தலையில் அட்டை மகுடம் வைத்திருந்தார். கல்லூரிப் பிள்ளைகள் நீலத் துப்பட்டாவை இடுப்பில் கட்டி மேக இலாகா ஊழியர்களாகியிருந்தார்கள். நான் தூக்கைத் திறந்து, எங்கள் மொழியில் 'இடி' என்றால் என்ன, 'ஆப்பம்' என்றால் என்ன என்று ஹிந்தியில் விளக்கினேன்.  எழுந்த கூச்சலில் பக்கத்துக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. அந்த மராத்திக்காரர் மட்டும் நான்கு இடியாப்பம் சாப்பிட்டார். இடியை விழுங்கிய முதல் மனிதன் தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

புதுப் பாகத்தின் முதல் அத்தியாயத்தை மாறி மாறிச் சத்தமாகப் படித்தோம். ஒரு வரியில் பல் டாக்டருக்குச் சிரிப்பு தாங்காமல் படிக்க முடியவில்லை. அக்கா வாங்கித் தொடர்ந்தார். அவர் இத்தனை உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. காற்று பக்கங்களைப் புரட்டப் பார்த்தது, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு படித்தார்.

"அந்த வீட்டுல நான் வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிச்சிருக்கேன்" என்றார், திரும்பும்போது பஸ்ஸில். "என் வாயை நானே பொத்திப்பேன். யாரும் பொத்தலை. தெரியுமா?"

தெரியும் என்றேன். நானும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு கோணி. எங்கள் புத்தகங்களை என் பீரோவிலிருந்தும் அக்காவின் ஆபீஸ் பையிலிருந்தும் எடுத்துப் போட்டு வாய் கட்டியிருந்தது. என் கணவர் பக்கத்தில் நின்று, "நான் சொல்லிப் பாத்தேன்" என்றார். அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கோணியின் ஒரு முனையைப் பிடித்தார். நான் இன்னொரு முனையைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தோம்.

"இந்த வீட்டுல அது இருக்கணுமா, நான் இருக்கணுமா?" என்றார் அத்தான்.

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார், "ரெண்டும் இருக்கட்டும். இடம் இருக்கு."

பீரோவிலும் இல்லை, ஆபீஸ் பையிலும் இல்லை, கூடத்து ஷோகேஸில் அடுக்கினோம். அத்தானின் இருபத்தைந்து வருஷ சேவைக்குக் கொடுத்த கேடயத்தை நகர்த்தவில்லை. அதன் இரண்டு பக்கமும் வைத்தோம். முதல் பாகத்திலிருந்து வரிசையாக, அட்டை தெரியும்படி.

அத்தான் எங்களோடு பேசாமல் தீபாவளிவரை இருந்தார். அக்கா தட்டை வைப்பார், அவர் சாப்பிடுவார், எழுந்து போவார். அக்காவுக்கு அது வலிக்காமல் இல்லை. ஆபீசிலிருந்து வந்ததும் அத்தான் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார். ஆனால் புத்தகத்தை எடுத்து உள்ளே வைக்கவில்லை. தீபாவளியன்று அத்தான் தானாக, "டீ" என்றார். அவ்வளவுதான் சமாதானம். இன்றுவரை அவர் அதில் ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் ஷோகேஸைப் பார்த்து, "பிள்ளைங்க புக்கா?" என்று கேட்டால், "இல்ல, வீட்டுப் பொம்பளைங்களோடது" என்று எரிச்சலாகச் சொல்வார். சொல்லட்டும்.

போன மாதம் அடுத்த பாகம் வந்தது. இந்த முறை இரண்டு பிரதி வாங்கினோம், காத்திருக்கும் பொறுமை எங்களுக்குப் போய்விட்டது. விடுமுறை நாள் ஒன்றில் அக்காவின் அம்மாவைப் பார்க்க இருவரும் லோக்கலில் தேஹு ரோடு போனோம். பெண்கள் பெட்டி. ஆளுக்கொரு பிரதியோடு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஒரே பக்கத்தில் இருந்தோம் போலிருக்கிறது, இருவரும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தோம். காய்கறிக் கூடையோடு இருந்த ஒரு பெண் முகம் சுளித்து, "கொஞ்சம் மெதுவா, வீட்டுல சிரிக்கக் கூடாதா?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

"வீட்டுலயும்தான் சிரிக்கிறோம்" என்றார் அக்கா. பிறகு ஜன்னலோரம் நகர்ந்து பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார். "இங்கே வந்து உட்காருங்க. முதல்லேர்ந்து சொல்றேன்."