மக்காச்சோளத்துக்குள் இரண்டு ஆண் செடிகள்

தென்னாப்பிரிக்காவின் ம்ஸிகாபா ஆற்றுப் பள்ளத்தாக்கில் நொலுந்தியின் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. சுரங்கத்திலிருந்து லீவில் வரும் புருஷன்கூட, அவள் பேச்சை ஆரம்பித்தால் மாட்டைத் தேடிப் போய்விடுவான். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவேயில்லை.

அந்த ஊர்க் கஞ்சா தனி ரகம். ஆளை மிஞ்சிய உயரம், விரல் விரலாக ஒல்லி இலை, கசக்கினால் எலுமிச்சைத் தோல் வாசனை. இழுத்தவன் உட்காரமாட்டான், பாடிக்கொண்டே இன்னொரு காட்டையும் கொத்திவிட்டு வருவான். டர்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். அந்தக் குணம் கெடாமலிருக்க ஊரில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பூக்கிற சமயத்தில் பெண்கள் எல்லோரும் சேர்ந்து தோட்டம் தோட்டமாக இறங்கி, பூந்தூள் பரவுவதற்கு முன்னால் ஆண் செடிகளைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். மாஜோலாவின் தோட்டத்தில் மட்டும், ஊர் விதைக்கென்று சில ஆண் செடிகளை விட்டுவைப்பார்கள். எல்லோருக்கும் விதை அவள் கையிலிருந்துதான் போகும்.

நொலுந்திக்கு ஊருக்கு முன்னால் அறுத்து விற்றுவிட வேண்டும் என்று ஒரு நப்பாசை. கேப் டவுன்காரன் ஒருவன் கொடுத்த விதையை யாருக்கும் தெரியாமல் மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே போட்டாள். சீக்கிரமே அறுப்புக்கு வரும் குட்டைச் செடி, குண்டுப் பூ. மறுபடியும் அவனிடம் விதைக்குக் கெஞ்ச வேண்டாமே என்று, பிடுங்கும் நாளன்று இரண்டு ஆண் செடிகளைப் பிடுங்காமல் மக்காச்சோளத்துக்குள்ளேயே மறைத்து விட்டுவைத்தாள். தோழிகள் வந்து பார்த்து, "உன் தோட்டம்தான்டி சுத்தம்" என்று மெச்சி, அவள் காய்ச்சிய சோள பீரையும் குடித்துவிட்டுப் போனார்கள். காற்றுக்கு யார் வேலி கட்டுவது? பூந்தூள் மேட்டிலிருந்த மாஜோலாவின் தோட்டம் வரை போய்விட்டது.

மாஜோலா கொடுத்த விதையில் மறு வருஷம் பள்ளத்தாக்கு முழுக்கக் குட்டைச் செடிகளாக முளைத்தன. சரக்கை எடுத்துப் போன வியாபாரி வெலாபி, இரண்டாம் தடவை வந்தபோது வண்டியை விட்டு இறங்காமலே கத்தினான்.

"என்னம்மா சரக்கு இது? மூட்டை தூக்குறவன் மூட்டை மேலயே படுத்துக் குறட்டை விடுறான். என்னை உதைக்கத் தேடுறானுங்க!"

வண்டி வெறுமனே திரும்பிப் போனது.

"விதை யாரு குடுத்தா? அந்த மாஜோலாதானே? எவன்கிட்டயோ வாங்கித் தின்னுட்டு மாத்திட்டா" என்றாள் தோழிகளில் ஒருத்தியான நொபான்ட்லா.

"அதானே" என்றாள் நொலுந்தி.

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் தன் நாக்கையே வெறுத்தாள். ஆனால் அதோடு நின்றாளா? அடுத்த களையெடுப்பு முடிந்து எல்லோரும் சேர்ந்து குடிக்கும் பீர்த் தகரக் குவளை கை மாறி வந்தது. நொலுந்திக்கு அடுத்து உட்கார்ந்திருந்தது மாஜோலா. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நொலுந்தி தகரத்தை மாஜோலாவின் மடிக்கு மேலாக நீட்டி அந்தப் பக்கத்துக்காரியிடம் கொடுத்தாள். மாஜோலா முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கு ராத்திரி ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தவள், வாசலிலேயே கூனிக் குறுகி உட்கார்ந்துவிட்டாள்.

விதைப்பு நெருங்கியபோது மாஜோலாவே அவள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு சுரைக்குடுவை.

"பழைய விதை. கெட்டுப்போறதுக்கு முந்தின வருஷத்தது. ஊருக்கே போதும். உன் பேருல குடு. என் பேரச் சொன்னா ஒருத்தியும் தொடமாட்டா."

நொலுந்தி வாயைத் திறந்தாள். "தண்ணி குடிக்கிறியா அக்கா?" என்பதுதான் வந்தது.

"வேணாம்" என்று மாஜோலா போய்விட்டாள்.

விதை கொடுக்கும் நாளில் ஊரே நொலுந்தியின் வாசலில் வரிசையாக நின்றது. புகழ்ச்சி தாங்கவில்லை. "நீ இல்லேன்னா நாங்க பிச்சைதான்டி எடுக்கணும்" என்றாள் ஒருத்தி. வரிசையின் நடுவில் மாஜோலாவும் வந்தாள். தன்னுடைய விதையையே வாங்க, எல்லோரையும் போல இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினாள்.

பின்னாலிருந்து நொபான்ட்லா இரைந்தாள். "அவளுக்கு எதுக்குக் குடுக்கிற? மறுபடியும் கெடுக்கவா?"

நொலுந்தி அள்ளிய விதையைக் குடுவைக்குள்ளேயே திரும்பப் போட்டாள்.

"கெடுத்தது நான்" என்றாள். "ரெண்டு ஆண் செடிய சோளத்துக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். இந்த விதையும் அவளோடதுதான்."

நொலுந்தி குடுவையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் ஓடப் பார்த்தாள்.

மாஜோலா ஏந்திய கைகளை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும். அந்தச் செடிய மேட்டுல என் தோட்டத்துலேர்ந்தே பாத்தேன், விதை கெட்டப்புறம்தான் அது என்னன்னு புரிஞ்சுது. நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். தகரத்த என்னைத் தாண்டிக் குடுத்தே பாரு, அன்னைக்கு அந்த நெனப்ப விட்டுட்டேன். அதான், எல்லார் முன்னாடியும் நீயே நிக்கட்டும்னு விதைய உன்கிட்டயே குடுத்தேன். உள்ள ஓடாத. கடைசி ஆள் வரைக்கும் நின்னு குடு."

நொலுந்தி நின்று கொடுத்தாள். வாங்கிய ஒவ்வொருத்தியும் விதையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தாள்.