ரோபோவுக்குப் பதினாலு கும்பிடு

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் கோமளத்துக்கு ஒரு ரகசியம் இருந்தது. மலையிலிருந்து இறங்கி, காலுக்குச் சுடுதண்ணீர் ஊற்றி உட்கார்ந்ததும் போனில் சேர்த்துவைத்த ரோபோ படங்களைப் பார்ப்பாள். இரண்டு நிலா காயும் வானம், பாசி பிடித்த இரும்பு மனிதர்கள். பார்க்கிற நேரம் முதுகுவலி கொஞ்சம் மறந்திருக்கும். கோயில் மாதர் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. தலைவியே இதெல்லாம் பார்க்கலாமா என்று கேட்டுவிடுவார்களே என்று யாரிடமும் சொன்னதில்லை.

காலைப் பெரட்டில் பேர் கொடுக்கப் போகுமுன் சங்கத்துப் பெண்களுக்கு போனில் ஒரு முருகன் படம் அனுப்புவது அவள் வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை தூக்கக் கலக்கத்தில் எதையோ அழுத்திவிட்டுப் போய்விட்டாள். பகல் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால், போயிருந்தது ஆறு கை ரோபோ. கல்லின்மேல் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே சங்கத்தில் பதினாலு பேர் கைகூப்பும் குறி போட்டிருந்தார்கள். கோமளம் கடித்த ரொட்டியைத் திரும்பச் சுற்றி வைத்தாள்.

பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் ரஞ்சிதம், அவளும் சங்கத்தில்தான், போனை நீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "அக்கா, இது எந்தக் கோயில் சாமிங்க? மொகமே வாடிப்போயிருக்கே."

பொய் சொல்லக்கூட கோமளத்துக்குத் தெம்பில்லை. "சாமி இல்லடி, ரோபோ. நான் தெனமும் பாக்குறது. கைதவறிப் போயிருச்சு."

ரஞ்சிதம் படத்தை மறுபடி பார்த்தாள். "ஆறு கை இருந்தே இப்படி அலுத்துப்போய் உக்காந்திருக்கு. நமக்கு ரெண்டுதானேக்கா."

"சிரிக்காதடி. அழிச்சிரவா?"

"வேணாங்க. கும்பிட்டாச்சுல்ல, இருக்கட்டும். நாளைக்கும் ஒண்ணு அனுப்புங்க, முருகனுக்குப் பின்னால."

கோமளம் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நிரைக்குத் திரும்பினாள். முதுகுவலி அப்படியேதான் இருந்தது. மறைக்க வேண்டியது ஒன்று குறைந்திருந்தது.