இரண்டு எழுத்துகளுக்காகத் திண்டிவனம் வரை

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். போன வெள்ளிக்கிழமை திண்டிவனத்தில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் என் பழைய ஆய்வு வழிகாட்டி பேசுகிறார் என்று தெரிந்ததும், விழுப்புரத்திலிருந்து காலை 8.10 பஸ் பிடித்தேன். சுமார் நாற்பது கிலோமீட்டர், முப்பத்தைந்து ரூபாய். 9.20க்கு இறங்கி, இருபது ரூபாய்க்கு ஷேர் ஆட்டோ.

"இன்னா சார், சண்டைக்குப் போற மாதிரி கீறீங்க?" என்றார் ஓட்டுநர்.

"சண்டைக்குத்தாங்க."

"அப்ப ஜல்தி ஏறுங்க. லேட்டானா எதிராளி சாப்ட்டுட்டுப் போய்க்கினே இருப்பான்."

சண்டை இதுதான். மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடியின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியாக்களில், ஒரு மரபணுவின் ஆர்.என்.ஏ. கொண்டை ஊசிபோல் மடிகிறது. மடிந்தால் மரபணு அடங்கும். பிரிந்தால் வேலை செய்யும். பதினான்கு வருடங்களுக்கு முன் ஏழு இனங்களை ஒப்பிட்டேன். ஆர்.என்.ஏ. எழுத்துகளில் ஜி சியோடும், ஏ யுவோடும் ஜோடி சேர்ந்தால்தான் மடிப்பு நிற்கும். மூன்றாவது இனத்தில் மட்டும் ஜி–சி ஜோடி ஏ–யு ஆகியிருந்தது. ஒருபக்க எழுத்து மாறியதும் எதிர்ப்பக்க எழுத்தும் மாறி, மடிப்பைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த மடிப்பு உயிருக்குத் தேவை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

"மத்ததெல்லாம் ஒரே மாதிரி இருக்குது. இது எழுத்து படிக்கிற மெஷினோட தப்புப்பா, திருத்திடு" என்றார் வழிகாட்டி. என் கையாலேயே திருத்தினேன். சாட்சி அழிந்தது. ஆதாரமில்லை என்று ஆய்வேட்டைத் திருப்பினார்கள். பட்டம் போயிற்று.

11.40க்குத் திரையில் அதே ஏழு இனங்களின் எழுத்து வரிசைகள், திருத்தியபடியே. எழுந்தேன்.

"ஐயா, மூணாவது இனத்துல ரெண்டு எழுத்து மாத்தினது. ஒரிஜினலைப் போடுங்க."

"அடடே, நீயா? இன்னும் அந்தக் காய்ச்சல் விடலையா?" அரங்கு சிரித்தது. "அது மெஷின் தப்புன்னு அப்பவே சொன்னேனேப்பா."

"எங்க ஊர்ப்பக்கம் கெடார் கொல்லையில புதுசா வேர்முடிச்சு எடுத்து, வேற மெஷின்ல படிச்சாச்சுங்க. அதே ரெண்டு எழுத்து. தப்பு கூட ஜோடி பாத்துக்கினா வரும்?"

சிரிப்பு நின்றது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "டீ ஆறிக்கினு இருக்குது. வெளிய பேசலாம்."

வெளியே அரை மணி நேரம் நின்றேன். அவர் பின்வாசலில் காரேறிவிட்டார்.

இப்படிப் போகிறவர்களுக்கு: மூல வரிசையை அச்செடுத்துக் கொண்டு போங்கள், பென்டிரைவை நம்பாதீர்கள். முன்வரிசையில் உட்காருங்கள். மதியச் சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். திரும்பிவர பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை.

ஏழு வரிசைகளையும், கெடாரில் எடுத்ததையும், திருத்தாமல் கீழே இணைத்திருக்கிறேன். யாரும் சரிபார்க்கலாம். பெயர் போட்டால், பட்டம் கிடைக்காதவனின் வயிற்றெரிச்சல் என்று மூடிவிடுவார்கள். பெயர் இல்லையென்றால் எழுத்துகளைத்தான் பார்த்தாக வேண்டும். பெயர் போடாமலே பதிவேற்றுகிறேன்.