மாட்டுக்கென்று வந்த மின்விசிறி

அந்தப் பண்ணையில் பால் கறப்பவளை எல்லாரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாட்டின் முகத்தைப் பார்த்தே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள். மானேஜர் முகத்தைப் பார்த்தால்தான் பேச்சு வராது.

அந்தக் கோடையில் தகரக் கூரை தகதகவென்று காய்ந்தது. மாடுகள் தீவனத்தை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. படுக்காமல் நின்றபடியே, நாக்கு தொங்க, எச்சில் ஒழுக மூச்சிரைத்தன. நாளுக்குப் பதினெட்டு லிட்டர் கறந்த பசு சிவப்பி பதினொன்றில் வந்து நின்றது.

மானேஜர் பெரியக்காவை வரச் சொன்னார்.

"மீதிப் பால் எங்கம்மா போகுது?"

"வெயில்ல போகுது சார். மூச்சு வாங்கவே அதுக்குத் தெம்பு பத்தல, பால் எங்கேர்ந்து சுரக்கும்? தண்ணி தெளிச்சு ஃபேன் போட்டா சரியாயிடும்," என்றாள் தரையைப் பார்த்தபடி.

"மாட்டுக்கு ஃபேனா!" என்று சிரித்தாலும், மேலிடத்துக்கு உடனே எழுதிப் போட்டார். நாலு பெரிய மின்விசிறிகள் வந்து இறங்கின. ஒன்று மானேஜர் அறைக்குப் போனது. இன்னொன்று கணக்கருக்கு. மூன்றாவது, விருந்தாளியே வராத விருந்தினர் அறைக்கு. நாலாவது மட்டும் கொட்டகைக்கு வந்தது, மேற்பார்வையாளரின் நாற்காலியைப் பார்த்தபடி. தண்ணீர் தெளிக்க மட்டும் தாராள அனுமதி. காற்றோட்டம் இல்லாத கொட்டகையில் தெளித்த தண்ணீரெல்லாம் புழுக்கமாக மாறி, மாடுகள் முன்னைவிட மோசமாக மூச்சிரைத்தன.

மறுநாள் மதியம் சிவப்பிக்குக் கால் தள்ளாடியது. பெரியக்கா இரண்டு வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றினாள், கயிற்றை அவிழ்த்தாள், முற்றத்தைத் தாண்டி நேராக மானேஜர் அறைக்குள் ஓட்டிக்கொண்டு போய் மின்விசிறிக்கு முன்னால் நிறுத்தினாள்.

மானேஜர் கோப்புகளைக் கட்டிப்பிடித்தபடி சுவரோடு ஒட்டிக்கொண்டார். "ஐயோ, வெளிய ஓட்டும்மா!"

"மாட்டுக்குன்னு வந்த ஃபேன் சார். அதால தூக்கிட்டுப் போக முடியல, அதான் அதுவே வந்துடுச்சு."

சொன்ன பிறகுதான் இது தன் வாயிலிருந்தா வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாயிருந்தது.

அரை மணியில் மூச்சிரைப்பு அடங்கியது. சிவப்பி காலை மடக்கி மேஜையோரம் படுத்து, நிதானமாக அசைபோட்டது. அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா உள்ளே வந்தார்.

"என்ன இது?"

"ஒரு சோதனை மேடம்," என்றார் மானேஜர், கண்ணிமைக்காமல். "நனைச்சுட்டுக் காத்தக் குடுத்தா மாடு எப்படித் தேறுதுன்னு... நம்ம சொந்த யோசனை."

"பிரமாதம்! அப்போ மத்த மாட்டுக்கெல்லாம்?"

மானேஜர் தன் மின்விசிறியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இன்னைக்கே மேடம்."

சாயங்காலத்துக்குள் நாலும் கொட்டகையில் சுழன்றன. பத்து நாளில் சிவப்பி பதினாறு லிட்டர் கறந்தது. மானேஜருக்குப் பாராட்டுக் கேடயம் கிடைத்தது. சிவப்பியோடு அவர் நிற்கிற படத்தில், கயிறு பிடித்த பெரியக்காவின் கை மட்டும் விழுந்திருந்தது.

இப்போதெல்லாம் மதிய வெயிலில் தன் அறையில் இருக்க முடியாமல் மானேஜர் கோப்புகளோடு கொட்டகைக்கு வந்துவிடுகிறார். பெரியக்கா கறந்துகொண்டே நிமிர்ந்து பார்ப்பாள்.

"சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க. மாட்டுக்குக் காத்து மறைக்குது."

அவரும் தள்ளி உட்கார்ந்துகொள்வார்.