ரங்கூனில் யாரோ நினைக்கிறார்கள்

சைதாப்பேட்டையில் நாங்கள் குடியிருந்தபோது என் கணவர் ரங்கூனில் வேலையாக இருந்தார். ஒரு மத்தியானம் அசதியில் படுத்தபடியே குழந்தைக்குப் பால் கொடுத்தேன். புரையேறியது. "உங்க நைனா நினைக்கிறாருடா" என்று சிரித்துக்கொண்டே உச்சந்தலையைத் தட்டி ஊதினேன். இருமல் நின்றதும் சரியாகிவிட்டது என்றிருந்தேன். பார்த்தால் உதடு நீலம் பாரித்திருந்தது.

அலறினேன். பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா ஓடி வந்தார். "தலையில தட்டுனா இன்னா ஆவும்? கவுத்துப் போட்டு முதுகுல தட்டணும்மா!" என்று பிள்ளையை வாங்கி, முன்கையில் தலை தாழக் கிடத்தித் தட்டினார். பால் வெளியே வந்தது. மூச்சு வரவில்லை.

மறுவாரம் கணவரின் கடிதம் வந்தது. விஷயம் தெரியுமுன் எழுதியது. "எந்நேரமும் பிள்ளை நினைப்புதான்" என்றிருந்தது.

இன்று யாருக்குப் புரையேறினாலும் ஓடிப்போய் முதுகைத் தட்டுகிறேன். அன்று நான் சிரித்ததை மட்டும் அவரிடம் இதுவரை சொல்லவில்லை.